அரிசி மூட்டையோடு நம் கடமை முடிந்துவிடுமா? குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சட்டம் தரும் உரிமைகளும் ஜமாஅத்தின் பொறுப்பும்



சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு சகோதரர், தெருவில் நடந்த சண்டையை விலக்கிவிடப் போய்க் கத்திக்குத்துப்பட்டு வஃபாத்தானார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் நிர்க்கதியாயினர். அன்றிரவே நாம் அந்த வீட்டுக்குச் சென்றோம். அடக்கச் செலவை ஏற்றோம். இரண்டு மாதங்களுக்கு அரிசி, எண்ணெய், பருப்பு கொடுத்தோம். நம் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

ஒன்றரை ஆண்டு கழித்து அந்தச் சகோதரி கையில் நீதிமன்றச் சம்மனோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல்கூட அவரிடம் இல்லை. அரசின் இழப்பீடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. உண்மையைச் சொன்னால், அன்று நமக்கும் அது சரியாகத் தெரியாது. அதற்குப் பிறகு நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதல் தகவல் அறிக்கை

கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை போன்ற பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது தகவலிலிருந்து தெரிந்தால், போலீசார் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தாக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும்.

பலரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது மனு பெற்றதற்கான ரசீது மட்டுமே. வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் பயன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டியதும் போலீசாரின் கடமை.

இத்தாவில் இருக்கும் பெண்ணை விசாரணைக்கு அழைத்தால்?

அந்தச் சகோதரியின் வீட்டில் இந்தக் கேள்விதான் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. இத்தாக் காலத்தில் எப்படிக் காவல் நிலையம் போவது என்று தயங்கி, வாக்குமூலம் கொடுப்பதையே தள்ளிப்போட்டார்கள். அந்தத் தயக்கம் தேவையே இல்லை. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வருமாறு போலீசார் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 179-ஆம் பிரிவு சொல்கிறது. 15 வயதுக்குட்பட்டோர், 60 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. வீட்டுக்கு வந்து விசாரிக்கும்படி பணிவாக, எழுத்து மூலம் கேட்கலாம்.

இழப்பீடு

396-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரோ, மறுவாழ்வு தேவைப்படும் அவரைச் சார்ந்தவர்களோ இதைப் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். குற்றவாளி யாரென்றே தெரியாமல், வழக்கு விசாரணையே நடக்காமல் போனாலும் விண்ணப்பிக்க வழி உண்டு. ஆணைக்குழு தன் விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அவசரத் தேவைக்கு இடைக்கால நிவாரணமும் கேட்கலாம்.

எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மருத்துவமனை ரசீதுகள், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தால் இதைச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டாரும் உறவினரும்தான் செய்து கொடுக்க வேண்டும்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையவழிப் பண மோசடிக்கு 1930.

ஜமாஅத் செய்யக்கூடாதவை

குடும்ப மானம் போய்விடும் என்று சொல்லிக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் பேசித் தீர்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படியொரு குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைப்பதே தண்டனைக்குரிய குற்றம். நிர்வாகிகளும் உஸ்தாதுகளும் இதற்கு விலக்கல்ல. குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை அணியாத அதிகாரி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்வார். ஆகவே ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்ற அச்சம் வேண்டாம். அக்குழந்தையின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள்.

அதேபோல, எதிர்த்தரப்பிடம் ஒரு தொகை வாங்கிக் கொடுத்துச் சாட்சியை மாற்றிச் சொல்லும்படி ஒரு விதவையை வற்புறுத்துவதும் நியாயமல்ல. கொலை வழக்கு சமரசத்தால் முடியக்கூடியது அல்ல. பொய்ச் சாட்சி சொன்னால் சிக்குவது அந்தப் பெண்தான். மிரட்டல் வந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கோரலாம்.

இனி நாம் செய்யப்போவது

இத்தகைய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண் தொண்டரையும் ஒரு பெண் தொண்டரையும் வழக்கு முடியும்வரை துணையாக நியமிக்க முடிவு செய்துள்ளோம். கோப்பைப் பராமரிப்பதும், வாய்தா தேதிகளை நினைவூட்டுவதும், நீதிமன்றத்துக்கு உடன் செல்வதும் அவர்கள் பணி. முடிவெடுப்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. இழப்பீடு கைக்கு வரும்வரை பைத்துல்மாலிலிருந்து மாத உதவி தொடரும்.

வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், ஆசிரியைகள் ஆகியோர் இப்பணிக்கு முன்வருமாறு அழைக்கிறோம். அந்தச் சகோதரியின் இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி நாமே உடன் சென்று கொடுத்தோம். "மவுத்தான அன்று எல்லோரும் வந்தீர்கள், அதற்குப் பிறகுதான் எனக்கு ஆள் தேவைப்பட்டது" என்று அவர் சொன்னார். இன்னொரு சகோதரி நம்மிடம் அப்படிச் சொல்லும் நிலை, இன்ஷா அல்லாஹ், வராமல் பார்த்துக்கொள்வோம்.