தடித்த இருதயமும் சத்திரசிகிச்சைக்குப் பின் வாழ்வும்

மனித உடலிலே பிறப்பு முதல் இறப்பு வரை ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு இருதயமாகும். அது தசையினாலான ஒரு பை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 முறை சுருங்கி விரிந்து உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்துகின்றது. கையிலும் தோளிலும் தசை திரண்டிருப்பின் அதனை வலிமையின் அடையாளமாகக் கொள்வது உலக வழக்கு. ஆனால், இரத்த அழுத்தம் முதலிய வேறு காரணம் எதுவுமின்றி இருதயத்தின் தசை தானாகவே தடிக்குமானால் அது வலிமையன்று, நோயாகும். இந்நோய்க்காக மார்பைத் திறந்து செய்யப்படும் சத்திரசிகிச்சை இன்று பெரிதும் வெற்றி தருகின்றது. எனினும் அச்சிகிச்சை எதைக் குணப்படுத்துகின்றது, எதைக் குணப்படுத்துவதில்லை என்பதை நோயாளியும் அவர் குடும்பத்தாரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறியாமையால் வீண் அச்சமும் விளைவதுண்டு. வீண் துணிச்சலும் விளைவதுண்டு.

இருதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றுள் இடது கீழறையே உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவது. அதன் சுவர் இயல்பாக ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் தடிப்புடையது. இந்நோய் உடையவர்களிடம் அது 15 மில்லிமீற்றரையும் கடந்துவிடும். சிலரிடம் 30 மில்லிமீற்றரையும் எட்டும். பெரும்பாலும் தடிப்பது இடது கீழறைக்கும் வலது கீழறைக்கும் நடுவேயுள்ள இடைச்சுவராகும். இரத்தம் பெருநாடிக்குச் செல்லும் வழி அச்சுவரை ஒட்டியே அமைந்துள்ளது. சுவர் புடைக்கும்போது வழி குறுகுகின்றது. குறுகிய வழியூடாக இரத்தம் விரைந்து பாயும்போது, அருகிலுள்ள ஈரிதழ் வால்வின் ஓர் இதழும் அவ்வழிக்குள் இழுக்கப்பட்டு மேலும் தடை செய்கின்றது. அவ்வாறு இதழ் இடம் பெயர்வதால் வால்வு சரிவர மூடாது. இரத்தத்தின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பவும் ஒழுகும்.

இதன் விளைவை நோயாளி பல விதமாக உணர்வார். படியேறினால் மூச்சு வாங்கும். நெஞ்சு வலிக்கும். படபடப்பு உண்டாகும். சிலர் திடீரென மயங்கி விழுவர். வயிறார உண்ட பின்னரோ, உடலில் நீர் குறைந்த வேளையிலோ இத்துன்பங்கள் மிகுவதுண்டு. வேறு சிலருக்கோ எந்த அறிகுறியும் தோன்றாது. சனத்தொகையில் ஏறக்குறைய 500 பேருக்கு ஒருவரிடம் இந்த இருதயத் தடிப்புக் காணப்படுகின்றது என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே இது அத்துணை அரிய நோயன்று; பெரும்பாலும் அறியப்படாது கிடக்கும் நோய் என்பதே பொருந்தும்.

இந்நோயை வைத்திய உலகம் இனங்கண்ட வரலாறு வியப்புக்குரியது. இலண்டன் மாநகரில் சேர் ரஸல் புரொக் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இருதயத்தின் வாயிலில் அன்றி அதன் தசையினாலேயே தடை ஏற்படக்கூடும் என்பதை 1957இல் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு, 1958இல், அதே நகரத்து நோயியல் அறிஞர் டொனல்ட் டியர், திடீர் மரணமடைந்த இளைஞர்களின் இருதயங்களை ஆராய்ந்து, இடைச்சுவர் ஒரு பக்கமாகத் தடித்திருந்ததை விவரித்தார். அக்காலத்தில் வால்வு சுருங்கியுள்ளது எனக் கருதி நெஞ்சைத் திறந்த வைத்தியர்கள், உள்ளே தடை எதனையும் காணாது திகைத்ததும் உண்டு. நின்றுபோன இருதயத்தில் தசை தளர்ந்திருக்கும். துடிக்கும்போது மட்டுமே அது வழியை அடைக்கும். திகைப்பின் காரணம் இதுவே.

இத்தடையை நீக்கும் சத்திரசிகிச்சையைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய இருதய நிறுவனத்தில் பணியாற்றிய அன்ட்ரூ கிளென் மொரோ. 1960களின் தொடக்கம் முதல் அவர் செய்துவந்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எத்தனையோ பேருடைய தடித்த இருதயத்தைச் சீர்செய்த மொரோவுக்கும் அதே நோய் இருந்தது. அந்நோயினாலேயே அவர் 1982இல் காலமானார். அறிவினாலோ பதவியினாலோ விலக்க முடியாத நோய் இது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இருதயம் தடித்த யாவருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. இரத்தம் வெளியேறும் வழியில் தடை இல்லாதவர்கள் உளர். தடை உள்ளவர்களிலும் பலருக்கு இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளே போதும். தசையின் மிகையான சுருக்கத்தைக் குறைக்கும் மவகம்டென் என்னும் புதிய மருந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மார்பைத் திறவாமல், நாடியின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, தடித்த தசைக்குச் செல்லும் சிறு நாடியில் அல்ககோலைப் பாய்ச்சி அத்தசையை வாடச் செய்யும் முறையும் 1994 முதல் கையாளப்படுகின்றது. மருந்தினால் துன்பம் தணியாமலும், தடையினால் உண்டாகும் அழுத்த வேறுபாடு 50 மில்லிமீற்றர் இரசத்தை எட்டியும் இருப்பவர்களுக்கே சத்திரசிகிச்சை பெரும்பாலும் ஆலோசிக்கப்படுகின்றது.

அச்சிகிச்சையின்போது மார்பெலும்பு நடுவே நீளவாக்கில் பிளக்கப்படும். இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். அத்தகைய இயந்திரத்தின் துணையுடன் முதன்முதலாக வெற்றிகரமான இருதய சத்திரசிகிச்சையை 1953இல் பிலடெல்பியாவில் செய்தவர் ஜோன் கிபன். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இருதயம் நிறுத்தப்பட்டதும், நிபுணர் பெருநாடியைத் திறந்து, அதன் வால்வினூடாக உள்ளே நோக்கி, இடைச்சுவரில் புடைத்த தசையைச் செதுக்கி எடுப்பார். எடுக்கப்படுவது சில கிராம் நிறையுள்ள தசை மாத்திரமே. மிகக் குறைத்துச் செதுக்கினால் தடை நீங்காது. மிகுதியாகச் செதுக்கினால் சுவரில் துளை விழும். எனவேதான் இதனை அடிக்கடி செய்து பழகிய நிபுணரை நாடுதல் இன்றியமையாதது. அனுபவம் மிக்க நிலையங்களில் இச்சிகிச்சையினால் உயிரிழப்போர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு.

இருதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியவுடன் அழுத்தம் அளக்கப்படும். உணவுக் குழாயினுள் வைத்த ஒலியலைக் கருவியின் மூலம் வால்வின் நிலையும் பார்க்கப்படும். தடை நீங்கியமை பெரும்பாலும் அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். ஆயினும் நோயாளி குணமடையும் காலம் அதன் பின்னரே தொடங்குகின்றது.

முதல் ஓரிரு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும். கண் விழிக்கும்போது தொண்டையில் சுவாசக் குழாயும், மார்பில் நீர் வடியும் குழாய்களும் இருப்பது கண்டு நோயாளி அஞ்சுதல் கூடாது. சுவாசக் குழாய் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அகற்றப்படும். குழாய் இருக்கும் வரை பேச இயலாது என்பதை முன்கூட்டியே அறிந்தவர் கலங்க மாட்டார். மறு நாளே கதிரையில் அமர்த்துவர்; அடுத்து நடக்கச் செய்வர். இது கொடுமையன்று. படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி தேங்கும். கால் நாளங்களில் இரத்தம் உறையும். தலையணையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். வலிக்கு மருந்து கேட்பதிலும் நாணம் வேண்டியதில்லை. வலிக்கு அஞ்சி இருமாதிருப்பவருக்கே தீங்கு நேரும்.

இந்நாட்களில் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதுண்டு. இருதய சத்திரசிகிச்சை செய்துகொண்ட பலருக்கு இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் இது நேர்கின்றது. பெரும்பாலும் மருந்தினால் சீராகின்றது. இடைச்சுவரின் வழியே மின்துடிப்பைக் கடத்தும் இழைகள் செல்வதால், தசையைச் செதுக்கும்போது அவை பாதிக்கப்படுவதும் உண்டு. அதனால் ஒரு சிலருக்கு நிரந்தரமாகப் பேஸ்மேக்கர் கருவி பொருத்த நேரிடும். பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீடு திரும்புவர்.

வீட்டிலே முதற் கவனத்துக்குரியது மார்பெலும்பு. பிளந்த எலும்பு உருக்குக் கம்பிகளால் கட்டப்பட்டிருக்கும். எலும்பு நன்கு பொருந்த ஆறு முதல் எட்டு வாரங்களும், முற்றாக உறுதிபெற ஏறத்தாழ மூன்று மாதங்களும் செல்லும். அதுவரை 5 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்குதல் ஆகாது. நீர் நிறைந்த வாளி, அரிசி மூடை, ஓடி வந்து மடியில் ஏறும் குழந்தை, யாவும் இவ்விலக்கினுள் அடங்கும். கைகளை ஊன்றி எழாமல், ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கால்களைக் கீழே இறக்கி எழுதல் நன்று. வாகனம் ஓட்டுவதையும் ஏறத்தாழ ஆறு வாரம், வைத்தியர் சம்மதிக்கும் வரை, தவிர்த்தல் வேண்டும்.

நடையே இக்காலத்தின் சிறந்த தேகப்பயிற்சி. முதலில் முற்றத்தளவில் சில நிமிட நடை. பின்னர் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுதல். பேசிக்கொண்டே நடக்க முடியுமாயின் வேகம் சரியானது. பேச்சுத் தடைப்படுமாயின் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெயிலில் அலைந்து உடலின் நீர் வற்ற விடலாகாது. வைத்தியசாலைகள் நடத்தும் இருதய மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்குமாயின் அதில் சேர்வது நலம்.

காயத்தைக் காண்போர் பலர். மனத்தைக் காண்போர் சிலரே. சிகிச்சையின் பின்னர் காரணமின்றி அழுகை வருதல், தூக்கமின்மை, கெட்ட கனவு, மறதி, உணவில் வெறுப்பு ஆகியவை பலருக்கும் நேர்வன. சிகிச்சை தோற்றுவிட்டது என்பது இவற்றின் பொருளன்று. ஒரு நாள் உற்சாகமாக இருந்தவர் மறு நாள் சோர்ந்து கிடப்பதும் இயல்பே. வாரங்கள் செல்லச் செல்ல இவை தணியும். ஆனால் மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேலும் விடாது நீடித்தால் அதனை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். அதுவும் சிகிச்சைக்குரிய ஒன்றே. "தைரியமாக இரு" என்று சொல்லிவிட்டு அகலும் உறவினரைக் காட்டிலும், கூடவே பத்து நிமிடம் நடந்துவரும் உறவினரே நோயாளிக்குப் பயன்படுவர்.

உடனே வைத்தியரை நாட வேண்டிய அறிகுறிகளும் உள. 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், மார்பெலும்பு அசையும் ஓசை, ஓரிரு நாளில் உடல் நிறை விரைந்து ஏறுதல், கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், மயக்கம், நிற்காத படபடப்பு என்பன அவை. இவற்றுள் எதையும் கைமருந்தால் ஆற்ற முயல்வது ஆபத்தானது. மருந்துகளைத் தாமாகவே நிறுத்துவதும் அவ்வாறே.

சில மாதங்களில் நோயாளி, பல ஆண்டுகளாக ஏற முடியாதிருந்த படிகளை ஏறக் காண்பார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, இச்சிகிச்சை பெற்றோரின் ஆயுள், அதே வயதுடைய பொதுமக்களின் ஆயுளிலிருந்து வேறுபடவில்லை. இத்தகைய நற்பயனே ஒரு தவறான எண்ணத்துக்கும் இடமளிக்கின்றது. தடையோடு நோயும் போய்விட்டது எனப் பலர் கருதிவிடுகின்றனர்.

செதுக்கப்பட்டது வழியை மறித்த தசை மாத்திரமே. எஞ்சிய தசையின் இழைகள் பிறப்பிலேயே அமைந்த குறைபாட்டுடனேயே உள்ளன. ஆகவே திடீரெனத் துடிப்புக் குலையும் அபாயம் யாருக்கு உண்டு என்பதை வைத்தியர் தனியாக மதிப்பிடுவார். அபாயம் மிக்கவருக்கு, குலைந்த துடிப்பை மின்னதிர்ச்சியால் மீட்கும் சிறு கருவியை உடலினுள் பொருத்துவார். ஈ.சி.ஜி. பரிசோதனையும், ஒலியலை கொண்டு செய்யும் எக்கோ பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் குறித்த காலங்களில் தொடர வேண்டும்.

இன்னொரு கடமை நோயாளியோடு நில்லாது அவர் குடும்பத்தையும் சாரும். இந்நோய்க்குக் காரணமான முதலாவது பரம்பரை அலகு 1990இல் கண்டறியப்பட்டது. அதன் பின் வேறு பலவும் அறியப்பட்டுள்ளன. அத்தகைய மாறுபாடு உள்ளவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது சென்றடைவதற்குரிய வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆதலால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் யாவரும் பரிசோதிக்கப்படல் வேண்டும். இளம் பிராயத்தில் இருதயம் இயல்பாகத் தோன்றினாலும், வளரும் பருவத்தில் தடிப்பு வெளிப்படக்கூடும். எனவே ஒரு முறை பார்த்துவிட்டு அமைதல் போதாது. திருமணப் பேச்சுக்குத் தடையாகும் என்று அஞ்சியோ, ஓடியாடும் பிள்ளைக்கு நோய் ஏது என்று எண்ணியோ இதனைத் தள்ளிப் போடுவோர் உண்டு. டொனல்ட் டியர் ஆராய்ந்த இருதயங்களும் ஓடியாடித் திரிந்த இளைஞர்களுடையனவே.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம், எலும்பு பொருந்தி, நடை தேறி, தொழிலுக்கு மீளும் ஒருவர், அடுத்த முறை வைத்தியரைக் காணச் செல்லும்போது தம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வாராயின், தாம் பெற்ற சிகிச்சையின் பயனைத் தம் குடும்பத்துக்கும் சேர்த்தவராவார்.