கணினிச் செயலிழப்புக்குப் பின் நிகர்நிலை வலையமைப்புக் கோப்புகளின் மீட்பு: பிட்டொரென்ட் நெறிமுறையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பழந்தமிழ் நூல்களின் மின்படிமங்களைத் திரட்டி வைத்துள்ள ஆய்வாளர்கள் பலர் பிட்டொரென்ட் முதலிய நிகர்நிலை வலையமைப்பு மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். மின்தடையாலோ வன்பொருள் பழுதாலோ கணினி திடீரெனச் செயலிழந்தால், மென்பொருள் வைத்திருக்கும் குறிப்பும் வன்வட்டில் உள்ள கோப்பும் ஒன்றோடொன்று முரண்படக்கூடும். அம்முரண் தோன்றும் முறையையும், அதனைக் களையும் படிநிலைகளையும், களையும்போது ஆய்வாளரின் சொந்த உழைப்பு அழிய நேரும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிட்டொரென்ட், ஹாஷ் எண், துண்டு, மறுசரிபார்ப்பு, காப்புநகல், மின்படிமம்.

1. முன்னுரை

ஏட்டுச்சுவடிகளுக்குச் செல்லும் கறையானும் பகையாக இருந்தன; மின்படிமங்களுக்கு மின்தடையும் வன்வட்டுப் பழுதும் பகையாகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012ஆம் ஆண்டு முதல் தன் தொகுப்புகளைப் பிட்டொரென்ட் வழியாகவும் வழங்கிவருகிறது. தமிழ் நூல்களின் மின்படிமங்கள் பலவும் அங்கு இருப்பதால், இம்மென்பொருள் தமிழாய்வாளர்க்கு அயலானதன்று. ஆயினும், செயலிழப்புக்குப் பின் அதனைக் கையாளும் முறை நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை. கணினி மீண்டும் இயங்கியதும் மென்பொருளைத் திறந்து, அது சொல்வதை அப்படியே நம்புவதே வழக்கமாக உள்ளது. இவ்வழக்கம் சிலபோது ஈடுசெய்ய இயலாத இழப்பில் முடிகிறது.

2. நெறிமுறையின் அமைப்பு

பிட்டொரென்ட் நெறிமுறையைப் பிராம் கோஹென் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரே வழங்கியிலிருந்து முழுக்கோப்பையும் பெறுவதற்கு மாறாக, கோப்பைப் பல துண்டுகளாகப் பகுத்து, அத்துண்டுகளை வைத்திருக்கும் பல கணினிகளிடமிருந்து ஒருங்கே பெறுவது இதன் அடிப்படை. ஒவ்வொரு துண்டும் வலையமைப்பில் பொதுவாக 16 கிலோபைட் அளவுள்ள துணுக்குகளாகப் பயணம் செய்கிறது. ஒரு மெகாபைட் அளவுள்ள துண்டில் இத்தகைய துணுக்குகள் 64 அடங்கும்.

தொகுப்பை முதலில் உருவாக்குபவர் டொரென்ட் கோப்பு என்னும் சிறு கோப்பையும் உருவாக்குகிறார். கோப்புகளின் பெயர், அளவு, துண்டின் நீளம் ஆகியவற்றோடு ஒவ்வொரு துண்டுக்கும் உரிய ஹாஷ் எண்ணும் அதில் பதிவாகிறது. முதற்பதிப்பு நெறிமுறையில் இவ்வெண் ஷா-1 முறையில் கணிக்கப்படுகிறது. அதன் நீளம் 20 பைட். 700 மெகாபைட் அளவுள்ள தொகுப்பை ஒரு மெகாபைட் துண்டுகளாகப் பகுத்தால், 700 துண்டுகளுக்கும் உரிய ஹாஷ் எண்கள் 14,000 பைட்டுக்குள் அடங்கிவிடும். துண்டில் ஓர் எழுத்து மாறினும் ஹாஷ் எண் முற்றிலும் மாறும். ஆதலால் 14,000 பைட் அளவுள்ள அச்சிறு பட்டியலே 700 மெகாபைட் தொகுப்பின் மெய்ம்மைக்குச் சான்றாகிறது.

3. செயலிழப்பு விளைவிக்கும் முரண்

பெறப்பட்ட துண்டு உடனே வன்வட்டில் பதிவதில்லை. முதலில் நினைவகத்தில் தங்கி, பின்னரே எழுதப்படுகிறது. எந்தெந்தத் துண்டுகள் வந்து சேர்ந்தன என்னும் குறிப்பை மென்பொருள் தனிக்கோப்பில் எழுதி வைக்கிறது. கியூபிட்டொரென்ட் இயல்பான அமைப்பில் 'பிடி பேக்கப்' என்னும் கோப்புறையில் டொரென்ட் கோப்பையும் இத்தொடர்நிலைக் குறிப்பையும் இணையாக வைக்கிறது. டிரான்ஸ்மிஷன் அவ்விரண்டையும் இருவேறு கோப்புறைகளில் வைக்கிறது. இக்குறிப்பு இடைவெளி விட்டே புதுப்பிக்கப்படுவதால், கணினி திடீரென நின்றால் இருவகைப் பிழைகள் தோன்றும்.

முதலாவது, குறிப்பு பின்தங்குவது. துண்டு வன்வட்டில் இருந்தும் குறிப்பில் இராது. இது நேர இழப்பு மட்டுமே. இரண்டாவது, குறிப்பு முந்திவிடுவது. குறிப்பில் 'உண்டு' என்று இருந்தும் வன்வட்டில் துண்டு இராது. இதுவே பெரிதும் அஞ்சத்தக்கது. ஏனெனில் மென்பொருள் நூறு விழுக்காடு நிறைவு எனக் காட்ட, நூலின் நடுப்பக்கங்கள் வெறுமையாக இருக்கும்.

கோப்பின் அளவைக் கொண்டு இப்பிழையை அறிய இயலாது. மென்பொருள் முன்கூட்டியே முழு இடத்தையும் ஒதுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், பாதி மட்டும் வந்த கோப்பும் முழு அளவையே காட்டும். விண்டோஸ், லினக்ஸ் இயங்குதளங்களின் இன்றைய கோப்பு முறைமைகள் செயலிழப்பின்போது கோப்பின் பெயர், இடம், அளவு பற்றிய பதிவுகளைக் காக்கும் வகையில் அமைந்துள்ளன. இயல்பான அமைப்பில் உள்ளடக்கத்திற்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே பெயரும் அளவும் செம்மையாக இருந்து, உள்ளே சுழியங்களே நிறைந்திருத்தலும் கூடும்.

4. மீட்பின் படிநிலைகள்

4.1 எழுதுதலை நிறுத்துதல். கணினி தொடங்கியதும் தானே இயங்குமாறு பல மென்பொருள்கள் அமைக்கப்பட்டுள்ளன. செயலிழப்புக்குப் பின் முதலில் இதனைத் தடுக்க வேண்டும். இணைய இணைப்பையும் துண்டித்து வைப்பது நன்று. வலையமைப்பு இல்லாத நிலையில் மென்பொருள் புதிதாக எதனையும் பெற்று மேலெழுத இயலாது.

4.2 வன்வட்டின் நிலையை அறிதல். வன்வட்டில் அயலோசை எழுந்தாலோ படிப்பதில் தடை தோன்றினாலோ, கோப்பு முறைமையைச் செப்பனிடும் நிரலை உடனே இயக்குதல் கூடாது. அந்நிரல் நலிந்த வட்டில் மேலும் எழுதும். முதலில் உள்ளடக்கத்தை வேறொரு வட்டுக்குப் படியெடுத்து, அதன் பின்னரே செப்பனிடத் தொடங்க வேண்டும்.

4.3 குறிப்புகளைக் காத்தல். தொகுப்புக் கோப்புகளோடு டொரென்ட் கோப்புகளும் தொடர்நிலைக் குறிப்புகளும் உள்ள கோப்புறையையும் படியெடுத்தல் இன்றியமையாதது. மேக்னெட் இணைப்பை மட்டும் வைத்திருப்பவர்க்கு இது மேலும் பொருந்தும். அவ்விணைப்பில் ஹாஷ் பட்டியல் இல்லை. அது பிற கணினிகளிடமிருந்தே பெறப்படுகிறது. தொகுப்பை வைத்திருப்போர் எவரும் இணைப்பில் இல்லையெனில், டொரென்ட் கோப்பை இழந்தவர் தம்மிடம் உள்ள கோப்பு மெய்யானதா என்று சரிபார்க்கவும் வழியற்றவராவார்.

4.4 இடத்தை உறுதி செய்தல். புறவன்வட்டின் எழுத்துப்பெயர் செயலிழப்புக்குப் பின் மாறியிருக்கலாம். அப்போது மென்பொருள் கோப்புகள் இல்லை எனக் காட்டும். இருக்கும் கோப்பை இல்லையெனக் கொண்டு தொகுப்பை நீக்கிப் புதிதாகத் தொடங்குவது வீண்வேலை. பழைய இடத்தைச் சுட்டிக் காட்டினாலே போதும்.

4.5 மறுசரிபார்ப்பு. மென்பொருளில் உள்ள மறுசரிபார்ப்புக் கட்டளையை இயக்கினால், அது தொடர்நிலைக் குறிப்பைப் பொருட்படுத்தாது, வன்வட்டில் உள்ள ஒவ்வொரு துண்டையும் படித்து, ஹாஷ் எண்ணைக் கணித்துப் பட்டியலோடு ஒப்பிடும். முழுவதையும் படிப்பதால் காலம் பிடிக்கும். நொடிக்கு 100 மெகாபைட் படிக்கும் வட்டில் 500 ஜிகாபைட் தொகுப்பைச் சரிபார்க்க ஏறத்தாழ 83 நிமிடம் தேவை. இடையில் நிறுத்தாது முடியவிடல் வேண்டும்.

4.6 முடிவுகளைப் பொருள்கொள்ளல். சில துண்டுகள் மட்டும் தவறினால், இணையத்தில் இணைந்து அவற்றை மட்டும் மீண்டும் பெறலாம். மாற்றப்படாத அதே கோப்பை இருமுறை சரிபார்க்கையில் இருவேறு முடிவுகள் வருமாயின், பிழை கோப்பில் இல்லை. நினைவகத்திலோ வட்டின் இணைப்புக் கம்பியிலோ உள்ளது எனக் கருதவேண்டும். துண்டுகள் வந்து சேர்ந்தபின்னும் மீண்டும் மீண்டும் தவறுதலும் இவ்வகைப் பழுதையே பெரும்பாலும் சுட்டும். எவருடனும் இணைப்பே கிட்டாதபோது கணினியின் நாளும் நேரமும் சரியா, தீயரண் மென்பொருளை அனுமதிக்கிறதா, வீட்டு வலையமைப்பில் கணினியின் முகவரி மாறியுள்ளதா என்னும் மூன்றையும் காண்க. நாள் தவறியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கப்படாமல் டிராக்கரோடு தொடர்பு அறுந்துபோகும்.

5. திருத்தமும் சிதைவும்

சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முதலியோர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தனர். அம்மரபில் வேறுபாடு என்பது குற்றமாகவே கொள்ளப்படுவதில்லை. அது ஆராய்ந்து மதிப்பிடத்தக்க சான்று. ஹாஷ் ஒப்பீட்டில் அத்தகைய ஆராய்ச்சிக்கு இடமில்லை. முதற்படியோடு முற்றும் ஒத்தது மெய், ஒவ்வாதது பொய். கறையான் அரித்ததையும் அறிஞர் திருத்தியதையும் அது வேறுபடுத்தி அறியாது.

இதனால் விளையும் இடர் பெரிது. ஆய்வாளர் ஒருவர் தாம் பெற்ற மின்னூலின் ஓரத்தில் குறிப்புகள் எழுதி, அதே கோப்புறையில் அதே பெயரில் சேமித்துள்ளார் எனக் கொள்வோம். மென்பொருள் பழைய குறிப்பை நம்பி இயங்கும்வரை இது வெளிப்படாது. செயலிழப்புக்குப் பின் மறுசரிபார்ப்பு நிகழும்போது அக்கோப்பின் துண்டுகள் தவறியனவாகக் கருதப்படும். இணையம் இணைந்திருப்பின், மென்பொருள் மூலத் துண்டுகளைப் பெற்று அவற்றின்மேல் எழுதிவிடும். பல்லாண்டுக் குறிப்புகள் எவ்வித எச்சரிக்கையும் இன்றி மறைந்துபோகும். செயலிழப்பு அழிக்காததைச் செப்பனிடும் முயற்சி அழித்துவிடுகிறது. படி 4.1இல் இணைய இணைப்பைத் துண்டிக்கவும், 4.3இல் படியெடுக்கவும் வலியுறுத்தியதன் முதன்மைக் காரணம் இதுவே.

மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. முதற்பதிப்பு நெறிமுறையில் தொகுப்பின் கோப்புகள் அனைத்தும் ஒரே நீள்தொடராகக் கொள்ளப்பட்டே துண்டாக்கப்படுகின்றன. எனவே ஒரு துண்டு இரு கோப்புகளின் எல்லையில் அமையலாம். ஒரு கோப்பின் இறுதியில் நேர்ந்த மாற்றம் அடுத்த கோப்பின் தொடக்கத்தையும் பழுதுற்றதாகக் காட்டும். இரண்டாம் பதிப்பு நெறிமுறை ஷா-256 முறையைக் கையாண்டு, ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே 16 கிலோபைட் அளவில் சரிபார்ப்பதால் இக்குறை அதில் இல்லை.

6. துண்டு கிடைக்காத நிலை

தவறிய துண்டை வைத்திருப்போர் எவரும் வலையமைப்பில் இல்லாதபோதும் ஒரு வழி உண்டு. அதே கோப்பு வேறொருவரிடம் குறுவட்டிலோ நினைவகக் கோலிலோ இருக்கக்கூடும். அதனைப் பெற்று, உரிய பெயருடன் உரிய இடத்தில் வைத்து மறுசரிபார்ப்பை இயக்கினால், பைட் அளவில் ஒத்திருக்கும் துண்டுகள் அனைத்தும் ஏற்கப்படும். கோப்பு எவ்வழியில் வந்தது என்பதை ஹாஷ் எண் கேட்பதில்லை. இவ்வாறு மீட்டவர், வலையமைப்பில் அத்தொகுப்பின் ஒரே காவலராகவும் ஆகக்கூடும். ஆதலின் மீட்டபின் மென்பொருளை மூடிவிடாது, பிறர் பெறுமளவுக்குத் திறந்து வைப்பது அறிவுலகக் கடமையாகும்.

7. தொகுப்புரை

1. செயலிழப்புக்குப் பின் மென்பொருளின் நிறைவுக் குறிப்பையோ கோப்பின் அளவையோ சான்றாகக் கொள்ளுதல் கூடாது, மறுசரிபார்ப்பே சான்று.

2. இணையத்தைத் துண்டித்தல், படியெடுத்தல், இடத்தை உறுதி செய்தல், மறுசரிபார்த்தல், பின்னர் இணைதல் என்னும் வரிசை மாறலாகாது.

3. டொரென்ட் கோப்பு தொகுப்பின் மெய்ம்மைக்கான ஆவணம். அதனைத் தொகுப்பினின்றும் வேறான வட்டில் பேண வேண்டும்.

4. குறிப்பெழுதுவதற்கும் திருத்துவதற்கும் தனிப்படி ஒன்றை வேறு கோப்புறையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூலப்படியில் எழுதாமை சுவடியியல் நமக்குக் கற்பித்த பழைய ஒழுங்கு. மின்படிமத்திற்கும் அவ்வொழுங்கே காப்பாகிறது.