தோடுகளைக் கழற்றிக் கொடுத்த ஜானகி: ஜான்சி ராணிப் படையும் தோட்டத்துப் பெண்களும்

பெர்மாஸ் ஜெயாவின் தெற்கே, ஜொகூர் நீரிணைக்கு அப்பால் தெரிவது சிங்கப்பூர். 1943 அக்டோபர் 22ஆம் தேதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது அங்கேதான். மலாயா முழுவதிலுமிருந்து தமிழ்ப் பெண்கள் அந்த முகாமில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் அமரர் ஜானகி ஆதி நாகப்பன்.

1925இல் பிறந்த ஜானகி, கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண். நேதாஜியின் பேச்சைக் கேட்டதும் காதில் கிடந்த தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டில் எதிர்ப்பு. அதையும் மீறிப் படையில் சேர்ந்தபோது வயது 18. முகாம் வாழ்க்கை ஆரம்பத்தில் அவருக்கு ஒத்து வரவில்லை. ஆனாலும் கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார்.

உடன் இருந்தவர்களில் பலர் ரப்பர் தோட்டத்துப் பெண்கள். பால்மரம் சீவிய கைகளில் துப்பாக்கி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு முகாமிலேயே பாடம் நடந்தது. அவர்களை அழைத்துச் சென்றது நாட்டுப்பற்று மட்டும் என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில் விழுங்கிக்கொண்டிருந்தது, வீடுகளில் அரிசி இல்லை. முகாமில் சோறும் சீருடையும் இருந்தன, "நீயும் சிப்பாய்" என்ற மரியாதையும் இருந்தது. லயத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அது சிறிய விஷயமா?

1944இல் படை பர்மாவுக்குப் போனது. பெண்கள் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. காயமடைந்த வீரர்களைக் கவனித்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூன் கைவிடப்பட்டபோது பின்வாங்கியதுதான் பெரிய சோதனை. ஜானகியின் பொறுப்பில் இருந்த பெண்கள் நேதாஜியுடன் பாங்காக் நோக்கிப் புறப்பட்டார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து பகலில் மறைந்திருந்து இரவில் நடந்தார்கள். பயணம் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தது. ரயிலில் திரும்பிய இன்னொரு குழுவில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் கெரில்லாக்களின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள்.

போருக்குப் பிறகு ஜானகி காங்கிரஸ் மருத்துவக் குழுவுடன் தோட்டங்களுக்குச் சென்றார். 1946இல் ஜான் திவி ம.இ.கா.வைத் தொடங்கியபோது துணை நின்றார். பின்னர் செனட்டரானார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. 2014 மே 9ஆம் தேதி காலமானார்.

அவரைப் பற்றி இவ்வளவு எழுத முடிவதற்குக் காரணம், அவர் படித்தவர், பேட்டி கொடுத்தவர், பதவியில் இருந்தவர். சீருடையைக் கழற்றிவிட்டு மறுபடியும் பால்வாளியைத் தூக்கிய பெண்களுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. பல வீடுகளில் "பாட்டி நேதாஜி படையில இருந்தாங்க" என்ற ஒரு வரிதான் மிச்சம். எந்தத் தோட்டம், எந்த முகாம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. தோட்டங்களும் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பெர்மாஸ் ஜெயா போன்ற தாமான்களுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பழைய பெட்டியில் ஒரு புகைப்படம் கிடந்தால், பின்பக்கம் பெயரையும் தோட்டத்தையும் இப்போதே எழுதி வைப்பது நல்லது.

இந்திய தேசிய இராணுவத்துக்குச் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் ஒரு நினைவுச் சின்னம் இருந்தது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரிலேயே அதைத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995இல் வைக்கப்பட்ட ஓர் அடையாளப் பலகை இருக்கிறது. பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் நின்று பார்க்கலாம்.