பற்கடிப்பும் நஞ்சூசியும்

சினங்கொண்டவன் பற்களை நறநறவென்று கடிப்பான். துன்பத்தைப் பொறுத்திருப்பவனும் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பான். மனத்தின் இறுக்கம் தாடையில் வந்து தங்கும் என்பதை இவ்விரு தமிழ் வழக்குகளும் நன்கு உணர்த்துகின்றன. ஆயின், நித்திரையிற் பற்கடிக்கும் பிள்ளைக்கு வயிற்றிற் பூச்சி உண்டெனக் கருதிப் பூச்சிமருந்து கொடுப்பதும் நம்மவர் வழக்கமே. அக்கருத்துக்கு உறுதியான சான்று இதுகாறும் கிடைத்திலது. நித்திரை சற்றே கலையும் வேளைகளில் மூளையில் எழும் தூண்டுதலினாலேயே மெல்லுந் தசைகள் தாளகதியிற் சுருங்குகின்றன என்பது தற்கால ஆய்வாளர் கொள்கை. மனக்கவலை, மது, புகையிலை, மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் என்பன இதனை மிகுவிக்கும்.

பிள்ளைகட்குப் பெரும்பாலும் வயதுடன் இது தானே நீங்கிவிடும். வளர்ந்தோரிடத்து நிலைப்பின் பல்லின் மிளிரி தேயும். அடைத்த பற்கள் உடையும். விடியலிற் கன்னமும் நெற்றிப்பொட்டும் நோகும். பல்வைத்தியர் இரவில் அணியக் கொடுக்கும் உறை பற்களைத் தேயாமற் காக்குமேயன்றித் தசையின் இறுக்கத்தைத் தடுக்காது. இக்குறையே ஊசிமருந்தை நாடச் செய்தது.

அம்மருந்தின் வரலாறு விந்தையானது. ஜேர்மனியின் வூர்ட்டெம்பேர்க் நாட்டில் வைத்தியராயும் கவிஞராயும் விளங்கிய யுஸ்தீனுஸ் கேர்னர், கெட்டுப்போன சொசேஜ் உண்டு நஞ்சேறிய 155 பேரின் செய்திகளைத் திரட்டி 1822 இல் நூலாக வெளியிட்டார். அந்நஞ்சைத் தாமே சிறிது உட்கொண்டும் பார்த்தார்! மிகச் சிறிய அளவிற் கொடுப்பின் மிகையாய்த் தொழிற்படும் நரம்புகளை அது அடக்கக்கூடும் என்று அவர் அன்றே எழுதினார். 1895 இல் பெல்ஜியத்தின் எல்செல் என்னுங் கிராமத்தில், மரணச்சடங்கொன்றில் வாத்தியம் இசைத்தோர் பன்றித்தொடை இறைச்சி உண்டு நோயுற்றனர், மூவர் மாண்டனர். அவ்விறைச்சியிலிருந்து நோய்க்கிருமியைப் பிரித்தறிந்தவர் எமில் வன் எர்மெங்கெம் என்னும் பேராசிரியர். இலத்தீன் மொழியிற் சொசேஜைக் குறிக்குஞ் சொல்லிலிருந்தே ‘பொற்றுலினம்’ என்ற பெயர் பிறந்தது. கேர்னரின் எண்ணம் கைகூட ஒன்றரை நூற்றாண்டு சென்றது. சான்பிரான்சிஸ்கோ நகரக் கண்வைத்தியர் அலன் ஸ்கொற் முதலிற் குரங்குகளிலும் பின்னர் மாறுகண் உடையோரிடத்தும் இதனைச் சோதித்து 1980 இல் முடிபுகளை வெளியிட்டார். முகச்சுருக்கம் நீக்கும் ‘போடொக்ஸ்’ என்று பலரும் அறிந்தது இதுவே.

நரம்பு தசைக்கு இடும் கட்டளையை அசற்றைல்கோலின் என்னும் பொருள் கொண்டுசெல்கிறது. அப்பொருளை வெளிவிடுதற்கு இன்றியமையாத புரதம் ஒன்றை இந்நஞ்சு நரம்பு முனையினுள் வெட்டிவிடுகிறது. கட்டளை எட்டாத தசை தளர்கிறது. ஊசியில் உள்ள நஞ்சோ, ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சங் கூறாக்கின் அவற்றுட் சில கூறுகளே. இரு கன்னங்களிலும் உள்ள பெரிய மெல்லுந் தசையிலும், சிலர்க்கு நெற்றிப்பொட்டுத் தசையிலும், ஓரிரு இடங்களில் இது செலுத்தப்படும். சில நாட்களிற் பயன் தோன்றும். நரம்பு முனை மீண்டும் தொழிற்படத் தொடங்க, மூன்று நான்கு மாதங்களிற் பயன் ஒழியும்.

மூளையிற் காயமுற்ற ஒருவரின் கடும் பற்கடிப்பு இவ்வூசியால் தணிந்தமை 1990 இல் அறிவிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர் 2000 இல் வெளியிட்ட ஆய்வில் 18 நோயாளர் சராசரி 19 வாரம் வரை ஆறுதல் பெற்றனர். ஒருவர்க்கு விழுங்குதல் கடினமாயிற்று. ஆயினும் கொரிய ஆய்வாளர் 2014 இல் வெளியிட்ட முடிபே பெரிதுஞ் சிந்தித்தற்குரியது. நித்திரையில் நோயாளரின் தசையியக்கத்தைக் கருவிகொண்டு அளந்தபோது, கடிக்குந் தடவைகள் குறையவில்லை. கடியின் வலிமையே குறைந்தது. ஆகவே, மூளை கட்டளையிடுவதை நிறுத்தவில்லை. கேட்குந் தசையே வலுவிழந்தது. இதனை நோய் நீக்கம் என்று விளம்பரஞ் செய்வது பொருந்தாது.

ஐக்கிய அமெரிக்காவில் 1989 இல் கண்நோய்கட்கு இம்மருந்து அனுமதிக்கப்பட்டது. பற்கடிப்புக்கெனத் தனி அனுமதி அங்கு வழங்கப்படவில்லை. வைத்தியர் தம் பொறுப்பிலேயே பயன்படுத்துகின்றனர். மெல்லும் வலிமை குன்றுதலும், மருந்து அயற்றசைக்குப் பரவிச் சிரிப்புக் கோணுதலும் நேரலாம். பன்முறை ஏற்றின் தசை மெலியும். தாடையென்பின் செறிவும் குறையுமோ என்ற ஐயம் விலங்காய்வுகளால் எழுந்துள்ளது. கருவுற்றோரும் தசைச்சோர்வு நோயுடையோரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். ஏனையோர்க்கும், நித்திரையில் மூச்சுத்தடை உண்டோ, உட்கொள்ளும் மருந்தெதுவும் காரணமோ என்று ஆராய்ந்து, உறை அணிந்தும் நோவு தணியாதபோதே ஊசியை நாடுதல் தகும். அப்போதும் ஓரூசிக்கும் மற்றோரூசிக்கும் இடையே பன்னிரண்டு வாரமேனும் கழிதல் வேண்டும்.