வேட்டொலிக்கு அஞ்சும் நாயைத் தேற்றும் முறை

ஆழ்வார்திருநகரியைச் சுற்றியுள்ள தாமிரபரணிப் பாசனக் கிராமங்களில், வாழைத்தோட்டமும் நெல்வயலும் உடைய குடியானவர்களிற் பலர் காவலுக்கு நாய் வளர்த்து வருகின்றனர். இரவில் காவற்குடிசையில் தனித்துத் தங்குபவருக்கு நாயே கண்ணும் காதும் ஆகும். பன்றி வரினும் கள்வர் வரினும் மனிதன் அறியுமுன் நாய் அறிந்து குரைக்கும். அவ்வாறு நம்பி வளர்த்த நாய், பன்றியை விரட்ட ஒரு வேட்டுப் போட்ட மாத்திரத்திலேயே வாலை இடுக்கிக்கொண்டு ஓடிவிடுமாயின், தோட்டக்காரருக்குக் காவல் போயிற்று. நாய்க்கும் உயிருக்கு ஆபத்து வந்தது.

ஓடும் நாய் வழி பார்த்து ஓடுவதில்லை. திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே செல்லும் ரஸ்தாவும் இருப்புப்பாதையும் நம் ஊர்களின் ஓரமாகவே செல்கின்றன. அவற்றிற் சிக்காமல் தப்பிய நாய், அறியாத தெருவில் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும். அதன்மேல் இரக்கங்கொண்டு கைநீட்டும் சிறுவனை அச்சத்தாற் கடித்துவிடுதலும் உண்டு. தடுப்பூசி போடாத நாயாயின் அதன் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை. வெறிநோயின் குறிகள் மனிதனிடம் தோன்றியபின் பிழைப்பது மிக மிக அரிது. ஆதலின் நாயின் வெடியச்சத்தை அற்ப விஷயமாக எண்ணலாகாது.

அச்சத்தின் காரணங்கள்

முதலாவது, நாயின் செவி நம் செவியினும் நுண்ணியது. மனிதன் வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஓசையையே கேட்பான். நாயோ சுமார் 45,000 வரை கேட்கும். துப்பாக்கியொலி, சுடுபவர் காதருகில் 140 டெசிபலுக்கு மேற்படுவது. மனிதர் காதையே கெடுக்கவல்லது. அதனை எதிர்பாராது கேட்ட நாய் நடுங்குவதில் வியப்பில்லை.

இரண்டாவது, பிறவி. சுடப்பட்ட பறவையை எடுத்துவரும் ஸ்பானியல், ரிட்ரீவர், பறவை இருக்குமிடத்தைக் காட்டும் பாயிண்டர் முதலிய அந்நிய ஜாதி நாய்கள், வேட்டொலிக்கு அஞ்சாதவையாகப் பார்த்துப் பல தலைமுறைகளாக இனம் பெருக்கப்பட்டவை. அவற்றுள்ளும் அச்சம் மிக்க குட்டிகள் பிறப்பதுண்டு. அமெரிக்காவில் ஆர்கன்ஸா என்னுமிடத்தில் பாயிண்டர் நாய்களை வைத்து ஆராய்ந்தவர்கள், கடுமையான அச்சம் வம்சவழியாக இறங்குவதைக் கண்டனர். நமது நாட்டுக் கன்னி, சிப்பிப்பாறை நாய்களோ கண்ணாற் கண்டு காலால் விரட்டிப் பிடிக்கும் ஜாதியின. துப்பாக்கியோடு கூடிய தொழில் அவற்றின் மரபன்று. ஆகவே அவை வெடிக்கு மிரண்டால் அதனைக் கோழைத்தனம் என்று இகழ்தல் நியாயமாகாது.

மூன்றாவது, குட்டிப் பருவம். ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டு ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் என்று காட்டினர். அப்பருவத்தில் மெல்லிய ஓசைகள் பலவற்றைத் தீங்கின்றிக் கேட்ட குட்டி, பிற்காலத்தில் எளிதில் மிரளாது.

நான்காவது, ஒரே ஒரு கெட்ட அனுபவம். காலடியில் எறியப்பட்ட ஒரு வெடி, பல வருஷங்கள் நீடிக்கும் அச்சத்தை விளைக்கக்கூடும். முன்பு அஞ்சாதிருந்த நாய் வயது முதிர்ந்தபின் திடீரென அஞ்சத் தொடங்கினால், மூட்டுவலி முதலிய நோவு உண்டா என்று கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நோவுள்ள உடல் ஓசைக்கு எளிதில் திடுக்கிடும்.

செய்யத்தகாதவை

"வெடி போடுமிடத்திலேயே கட்டிப்போட்டால் பழகிவிடும்" என்று சொல்வோர் பலர். இதனினும் கெடுதியான யோசனை வேறில்லை. கட்டப்பட்ட நாய் சிறிது நேரத்தில் அடங்கி நிற்பதைக் கண்டு, அச்சம் நீங்கிற்று என்று மகிழ்கின்றனர். உண்மையில் அது ஓட வழியின்றி மனம் ஒடுங்கி நிற்கின்றது. மறுமுறை வெடிமருந்தின் மணம் பட்டாலே நடுங்கும். அடித்தலும் அவ்வாறே. அடிபட்ட நாய் வேட்டோடு எஜமானனுக்கும் சேர்த்து அஞ்சக் கற்றுக்கொள்கின்றது.

மனிதருக்குரிய தூக்க மருந்தைத் தாமாகக் கொடுத்தலும் கூடாது. அசிப்ரோமசின் என்னும் மருந்தைத் தனியே கொடுத்தால் உடல் மட்டும் தளர்ந்து, உள்ளே அச்சம் குறையாதிருக்கும் என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. அச்சத்தைக் குறைக்கும் வேறு மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியரே கொடுத்தல் வேண்டும்.

முறையின் அடிப்படை

1924-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு அலறும் மூன்று வயதையொட்டிய ஒரு சிறுவனைத் தேற்றிய வரலாற்றை வெளியிட்டார். அவர் சிறுவனுக்குப் பிரியமான தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் உண்ணும்போது முயற்கூட்டை எட்டத்தில் வைத்தார். அவன் கலங்காதிருக்கக் கண்டு, சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அச்சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். இம்முறையே நாய்க்கும் உரியது. அச்சந்தரும் பொருளை எட்டத்தில் வைப்பதும், அதனோடு இன்பத்தைச் சேர்ப்பதும் ஆகிய இரண்டே இதன் சாரம்.

தூரத்தின் கணக்கு

எட்டம் என்பது எவ்வளவு? பட்டாசு வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் ஓசை 125 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டில் 1999-இல் ஏற்பட்ட விதி. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அவ்விதம் கணக்கிட்டால், 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107, 64 மீட்டரில் 101, 128 மீட்டரில் 95, 256 மீட்டரில் 89, 512 மீட்டரில் 83 ஆகும். ஆகவே பத்தடி, இருபதடி தள்ளி நிறுத்துவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. முதல் நாள் பயிற்சிக்கு அரை கிலோமீட்டர் தூரமே தக்கது. இடையில் வாழைத்தோட்டம் இருப்பின் இன்னும் நலம்.

காற்றையும் கவனித்தல் வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் நம் பகுதியில் மேல்காற்று பலமாக வீசும். அப்போது நாயை வெடிக்கு மேற்கே நிறுத்தினால் ஓசை குறைந்து கேட்கும். கிழக்கே நிறுத்தினால் மிகுந்து கேட்கும்.

படிப்படியான பயிற்சி

1. பயிற்சி தொடங்கிய நாள்முதல் முடியுமட்டும் தோட்டத்தில் வேறு வேட்டுப் போடலாகாது. போட நேர்ந்தால் நாயை முன்னதாகவே வீட்டிற் சேர்த்துவிடவும்.

2. அவித்த முட்டை, ஈரல் போன்ற, நாய்க்கு மிகவும் பிரியமான உணவொன்றைத் தெரிந்து, அதைப் பயிற்சிக்கன்றி வேறு சமயத்திற் கொடாதிருக்கவும்.

3. முதல் வாரத்தில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் பித்தளைத் தட்டை மெல்லத் தட்டவும். ஓசை கேட்டவுடன் மற்றொருவர் உணவுத் துண்டைக் கொடுக்கவும். ஓசை முன்னும் உணவு பின்னும் வருதல் முக்கியம். முறை மாறினால், உணவைக் கண்டதும் இனி வெடி வரும் என்று நாய் அஞ்சக் கற்றுக்கொள்ளும்.

4. பின்னர்க் கைப்பேசியிற் பதிவான வேட்டொலியை மிகத் தாழ்த்தி ஒலிக்கச் செய்து, நாளடைவில் உயர்த்துக.

5. அடுத்தது, சிறுவர் விளையாடும் பொட்டுவெடித் துப்பாக்கி. நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து தொடங்குக.

6. இறுதியாக, அரை கிலோமீட்டர் தூரத்தில் ஓர் ஓலைவெடி. வெடிப்பவரும் நாயை நடத்துபவரும் வேறு வேறு ஆட்களாயிருந்து, துண்டை அசைத்தேனும் கைப்பேசியிலேனும் சைகை செய்துகொள்ளல் வேண்டும். நாயைக் கட்டிவைக்காமல், நீண்ட கயிற்றைத் தளரப் பிடித்து நடத்துக.

ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு ஓசைகளே போதும். மூன்று நாள் தொடர்ந்து நாய் கலங்காதிருந்தால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லவும். காதைப் பின்னே மடித்தல், வாலை இடுக்குதல், வெயிலின்றி இளைத்தல், அடிக்கடி கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல் ஆகியவை அச்சத்தின் குறிகள். யாவற்றினும் தெளிவான குறி உணவே. பிரியமான துண்டை நாய் மறுத்தால், நாம் வெகு அருகில் வந்துவிட்டோம் என்று அறிந்து, முந்தின தூரத்திற்குத் திரும்பவேண்டும். அதில் வெட்கமில்லை.

இதற்குத் துப்பாக்கி தேவையில்லை. 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலும் குற்றமாகும். தீனிக்குள் நாட்டுவெடியை மறைத்துப் பன்றிக்கு வைக்கும் வழக்கம் சட்ட விரோதமானது மட்டுமன்று; அதைக் கவ்வி வாய் சிதறிச் சாவது பல சமயம் நம் வீட்டு நாயே.

இப்பயிற்சிக்குச் சில வாரங்கள் செல்லும். சில நாய்களுக்கு மாதங்களும் ஆகும். ஐப்பசியில் தீபாவளி வேட்டும் பருவமழையின் இடியும் சேர்ந்து வருகின்றன. ஆதலின் ஆடியிலேயே தொடங்குதல் உத்தமம்.

விழா நாட்களில்

பயிற்சி முடியுமுன் வேட்டு நாள் வந்துவிடின், நாயை வெளியில் விடலாகாது. உள்ளறையில் கதவையும் ஜன்னலையும் சாத்தி, வானொலியை ஒலிக்கவிட்டு, பழைய சாக்கையோ போர்வையையோ விரித்து இடங்கொடுக்கவும். கழுத்துப் பட்டையிற் கைப்பேசி எண் எழுதியிருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி வரையும் மாலை 7 முதல் 8 மணி வரையும் அரசாங்கம் நேரம் குறித்து வந்துள்ளது. அந்நேரத்திற்கு முன்பே நாயை வெளியே நடத்திவந்து உள்ளே சேர்த்துவிடலாம். நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்பது தவறான எண்ணம். எஜமானன் அருகிலிருந்து அமைதியாகத் தடவுவதால் ஒரு கெடுதியும் இல்லை.

தேறாத நாய்

எவ்வளவு முயன்றும் தேறாத நாய்கள் சில உண்டு. அவை பிறவியிலேயே அச்சமுடையவை. அவற்றைத் தோட்டக்காவலினின்று நீக்கி வீட்டுவாயிற் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே அவற்றின் கூர்ந்த செவி குறையன்று, குணமே. அவற்றிற்குக் குட்டி உண்டாகாதபடி வைத்தியரைக் கொண்டு செய்துவிடுதல் நலம். தெருவில் விரட்டிவிடுதல் தர்மமுமன்று, 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்திற்கு ஏற்றதுமன்று.

சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் தம் நாயைப் பொறுமையோடு பழக்கிவரும்போது, அடுத்த தோட்டக்காரர் அறியாமல் ஒரு சரவெடியைக் கொளுத்தினால் ஒரு மாத உழைப்பும் ஒரு நொடியில் வீணாகும். ஆதலின் இது தனியொருவர் காரியமன்று. பன்றி விரட்ட வேட்டுப் போடும் அங்கத்தினர்கள் அதன் நேரத்தை முன்கூட்டி ஒருவருக்கொருவர் தெரிவிப்பதென்று சங்கக் கூட்டத்தில் முடிவு செய்யலாம். வருஷத்திற்கொருமுறை ஒரு நாள் குறித்து, கால்நடை வைத்தியரை வரவழைத்து, ஊர் நாய்கள் யாவற்றிற்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடச் செய்யலாம். நல்ல குட்டி உடையவர், பெற்ற நாய்கள் வேட்டுக்கு அஞ்சுபவையா அல்லவா என்பதை வாங்குபவரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும்.

நாய் நம்மிடம் கூலி கேட்பதில்லை; இரவெல்லாம் விழித்திருந்து நம் விளைவைக் காக்கின்றது. அதன் அச்சத்தைப் பொறுத்து, நாளுக்குச் சில நிமிஷங்கள் செலவிட்டுத் தேற்றுதல் நாம் அதற்குக் கொடுக்கவேண்டிய கடனேயாகும். இந்த ஆடி மாதத்தில் ஒரு பித்தளைத் தட்டோடும் ஓர் அவித்த முட்டையோடும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தொடங்கிப் பார்ப்பார்களாக.