வெந்நீரும் வீண் விரயமும்

மார்கழி, தை மாதங்கள் வந்துவிட்டால் நம் இல்லங்களில் சுப்ஹுக்கு முன்னரே வெந்நீர் வேலை தொடங்கிவிடும். முதிய வாப்பா ஒளுச் செய்ய, பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் குளிக்க, பிள்ளை பெற்ற மகளுக்கு ஊற்ற என அடுப்பை விட்டு அண்டா இறங்குவதே இல்லை. மாத முடிவில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, மின் கட்டணம் ஏறிவிட்டது என்று பேச்சு எழும். அப்பேச்சின் விளைவு பெரும்பாலும் என்ன? "எனக்குப் பச்சைத் தண்ணீரே போதும்" என்று முதியவர் கூறிவிடுவார். எல்லோருக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்த இல்லத்தரசியோ ஆறிப்போன மிச்சத்தில் குளித்துக்கொள்வாள்.

அன்பார்ந்த வாசகர்களே! இது சிக்கனமன்று, தேவையுடையவரின் பங்கைக் குறைப்பதாகும். ஒருவருக்கும் பயன்படாமல் போகும் வெப்பத்தை நிறுத்துவதே உண்மையான சிக்கனம். அவ்வெப்பம் எவ்வழியே போகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கணக்குச் சொல்லும் உண்மை

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் வாளி நீரைக் குளிப்பதற்கு இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர 225 கிலோ கலோரி போதும். ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 10,900 கிலோ கலோரி உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு அடுப்பைச் சுற்றிய காற்றோடு போய்விட, பாத்திரத்தைச் சேர்வது சுமார் 7,000. ஆகவே ஒரு வாளிக்கு 32 கிராம் எரிவாயு செலவாகிறது. ஐந்து பேர் நாள்தோறும் குளித்தால் மாதத்திற்கு 4.8 கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளியலறைக்கே போகிறது! மின்சாரமாயின் மாதத்திற்குச் சுமார் 39 யூனிட். இவை விரயமே இல்லாத கணக்கு. நம் பழக்கங்களால் கூடுவது இதற்கும் மேல்.

மூடியில்லாத அண்டா

குளிப்பதற்கென்று வைத்த நீரைத் தளதளவென்று கொதிக்கவிடுவது பலர் வழக்கம். கொதிக்கும் நீர் மேலும் சூடேறுவதில்லை, ஆவியாகத்தான் மாறும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 540 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அந்த வெப்பத்தால் இரண்டு வாளிக்கு மேற்பட்ட நீரைக் குளிக்கும் பதத்திற்குக் கொண்டுவந்திருக்கலாம்.

ஆகவே அண்டாவை மூடிவையுங்கள். அடி அகன்ற பாத்திரமே ஏற்றது. தீ நாக்கு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறினால் அடுப்பைக் குறையுங்கள். தீ நீல நிறமின்றி மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், பர்னரின் துளைகளைத் துப்புரவு செய்ய வேண்டும். சுட்ட நீரை உடனே பயன்படுத்துங்கள். ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கச் சென்றால் ஒரே நீரை இருமுறை சூடாக்க நேராது.

கீசர் உள்ள வீடுகளில்

"கீசரை அணைத்து அணைத்துப் போட்டால்தான் மின்சாரம் அதிகமாகும், எப்போதும் போட்டே வைப்பது நல்லது" என்பர் சிலர். இது தவறு. சூடான நீர் தொட்டியின் சுவர் வழியே ஓயாமல் வெப்பத்தை இழக்கிறது. இழந்ததை ஈடுசெய்யக் கீசர் மீண்டும் மீண்டும் மின்சாரத்தை இழுக்கிறது. வெப்பநிலை உயர உயர இழப்பும் கூடும்.

2,000 வாட் கீசர் ஒன்று, 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 16 நிமிடமே ஆகும்; அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். அதனுடன் அதே அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் இருவருக்குப் போதுமான 30 லிட்டர் நீர் கிடைக்கும். எனவே குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். வெப்பநிலைத் திருகை 55 டிகிரி அளவில் வைத்தால் போதும். வெகுநாள் ஊருக்குச் சென்று திரும்பினால் மட்டும், தேங்கிய நீரில் கிருமிகள் பெருகியிருக்கக் கூடுமாதலால், ஒருமுறை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கித் திறந்துவிடுங்கள்.

ஒளுவுக்கு எவ்வளவு நீர்?

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்றும், நான்கு அல்லது ஐந்து முத்து அளவு நீரில் குளித்தார்கள் என்றும் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. நாமோ ஒளுவுக்காகக் கீசர் குழாயைத் திறந்து, சூடு வரும்வரை ஒன்றிரண்டு லிட்டர் குளிர்ந்த நீரைச் சாக்கடையில் ஓடவிடுகிறோம். முடித்து மூடியதும் குழாயினுள் நிற்கும் வெந்நீர் ஒருவருக்கும் உதவாமல் ஆறிப்போகிறது.

இதற்கு எளிய வழியுண்டு. இரவுச் சமையல் முடிந்ததும் அரை லிட்டர் வெந்நீரைப் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். அதிகாலையில் அது 70 டிகிரியில் இருந்தால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருடன் கலக்க, 40 டிகிரியில் ஒன்றரை லிட்டர் நீர் ஆயத்தம். குவளையில் எடுத்துப் பயன்படுத்தினால் முதியவர் நடுங்க வேண்டியதில்லை. இல்லத்தரசியும் அதற்கென்று முன்னதாக எழ வேண்டியதில்லை.

மாடியும் வசதியும் உள்ளோர் சூரிய வெப்பக் கருவியைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம். நிழல் விழாத இடத்தில், தெற்கு நோக்கி, நாளொன்றுக்கு 100 லிட்டர் தரும் கருவியை அமைத்தால் ஒரு சிறு குடும்பத்திற்குப் போதும். மழைநாளில் மட்டும் மின்சாரம் துணை செய்யும்.

உயிர் முந்தியது

சிக்கனம் கருதி ஹீட்டர் ராடு வாங்குவோர் கவனிக்க: உலோக வாளியில் ராடைப் போடாதீர்கள். நீரில் மூழ்கவைத்த பின்னரே மின்சாரத்தைச் செலுத்துங்கள். சூட்டைக் கையால் பார்க்குமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் ராடு வேண்டவே வேண்டாம். எரிவாயுக் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தாதீர்கள். காற்றோட்டமில்லாத அறையில் அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. குளிப்பவரை மயக்கி உயிரைப் பறித்துவிடும்.

அண்டாவுக்கு ஒரு மூடி, கீசருக்குக் கால் மணி நேரம், ஒளுவுக்கு ஒரு பிளாஸ்க். இம்மூன்றும் பெருஞ்செலவு வைப்பவையல்ல. இவற்றால் மிஞ்சும் வெப்பத்தில் முதற்பங்கு வீட்டின் முதியவருக்கும் நோயாளிக்கும் உரியது. அடுத்த பங்கு, எல்லோருக்கும் கடைசியாகக் குளிக்கும் அந்தப் பெண்மணிக்கு உரியது. அதற்குப் பின்னரும் மிஞ்சுவதைக் கட்டணச் சீட்டில் பார்த்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.