பிள்ளைக்கு டான்சில் ஆபரேஷன் தேவையா? பெற்றோர் கவனத்திற்கு



சில மாதங்களுக்கு முன் கருணாபுரத்தைச் சேர்ந்த ஒரு தாய், ஐந்து வயது மகனோடு நம் அறக்கட்டளைக்கு வந்தார். டான்சிலை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு டாக்டர் சொன்னதாகவும், பொறுத்துப் பார்க்கலாம் என்று இன்னொருவர் சொன்னதாகவும் கூறி, ஆபரேஷன் செலவுக்கு உதவி கேட்டார். "இந்த வருஷம் எத்தனை தடவை தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தது?" என்று கேட்டோம். "அடிக்கடி வரும்" என்றார். எண்ணிச் சொல்லச் சொன்னபோது மூன்று தடவைதான் தேறியது. எழுந்து போகும்போது, "ராத்திரி இவன் விடுற குறட்டையில வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, நடுவுல மூச்சே நின்ன மாதிரி இருக்கும்" என்று போகிறபோக்கில் சொன்னார். முடிவைத் தீர்மானித்தது அந்தக் கடைசி வார்த்தைதான்.

இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பெற்றோருக்காக, நாம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

டான்சில், அடினாய்டு என்றால் என்ன?

வாயைத் திறந்தால் தொண்டையின் இருபுறமும் உருண்டையாகத் தெரிபவை டான்சில். நடுவில் தொங்கும் உள்நாக்கு வேறு. அடினாய்டு மூக்கின் பின்பக்கம் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க எக்ஸ்ரே அல்லது மூக்கு வழியாக விடும் சிறு கேமரா தேவை. இரண்டுமே கிருமிகளை எதிர்க்கும் சதைகள். சிறு வயதில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்குவது இவற்றின் இயல்பு. ஆகவே பெரிதாக இருப்பது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1934-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரைப் பரிசோதித்த டாக்டர்கள், 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டியபோது 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். அதிலும் மீந்த 116 பேரை மூன்றாவது முறை காட்டியபோது 51 பேருக்கு ஆபரேஷன் என்றார்கள். அதனால்தான் இப்போது கணக்கும் அடையாளங்களும் கேட்கிறார்கள்.

முதல் காரணம்: திரும்பத் திரும்ப வரும் தொண்டைத் தொற்று

உலகெங்கும் டாக்டர்கள் பின்பற்றும் அளவுகோல் இது: ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து 2 வருடம் வருடத்துக்கு 5 தடவை, அல்லது தொடர்ந்து 3 வருடம் வருடத்துக்கு 3 தடவை. சாதாரணச் சளி இருமல் இதில் சேராது. தொண்டை வலியோடு 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், டான்சில் மேல் வெள்ளைப் படிவு, ஸ்ட்ரெப் கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இந்த அளவுக்குக் குறைவாக இருந்தால் பொறுத்திருப்பதே பெரும்பாலும் நல்லது. பல பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறத் தொற்று தானாகக் குறைகிறது. ஆனால் பொறுப்பது என்றால் வைத்தியத்தை விடுவது அல்ல. டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். சரியாகக் குணமாகாத ஸ்ட்ரெப் தொற்று, இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம். தொண்டைக்குள் விரலை விட்டு அமுக்குவது, உள்நாக்கைத் தூக்கிவிடுவது போன்றவற்றைச் செய்யவே கூடாது.

இரண்டாவது காரணம்: தூக்கத்தில் மூச்சுத் தடை

இதைத்தான் பலர் சாதாரணமாக விட்டுவிடுகிறோம். தினமும் சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி வருவது, வாயைத் திறந்தே தூங்குவது, விட்டிருந்த பழக்கம் திரும்பிப் படுக்கையில் சிறுநீர் போவது, எடை ஏறாமை, மக்தபிலும் பள்ளியிலும் தூங்கி விழுவது ஆகியவை அடையாளங்கள். சில பிள்ளைகள் தூங்கி விழாமல், அடங்காத துறுதுறுப்போடு இருப்பார்கள். "சேட்டை" என்று அடிக்கும் முன் இரவில் எப்படித் தூங்குகிறான் என்று பாருங்கள்.

2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு 5 முதல் 9 வயதுள்ள 464 பிள்ளைகளைப் பார்த்தது. ஏழு மாதம் கழித்து, ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாக இருந்தது. காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. ஆபரேஷன் செய்தவர்களின் நடத்தையும் அன்றாட நலனும் கூடுதலாக முன்னேறின. ஆக, லேசான தடைக்கு மூக்கு ஸ்பிரே கொடுத்துச் சில மாதம் பார்க்கலாம். கடுமையான தடை என்றால் தள்ளிப்போடக் கூடாது.

அடினாய்டு பெரிதாகிக் காதுக்குள் நீர் கோத்து, கேட்கும் திறன் குறைந்தாலும் டாக்டர் அதை எடுக்கச் சொல்லலாம்.

டாக்டரிடம் போகும் முன்

ஒரு நோட்டில் ஒவ்வொரு தடவையும் தேதி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, பள்ளிக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றை எழுதுங்கள். பிள்ளை தூங்கும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கினாலோ காயம் பட்டாலோ ரத்தம் நிற்காமல் போனதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் மறைந்திருக்கும் ரத்தக் குறைபாடு பிள்ளைகளிடம் வெளிப்படலாம். எந்தக் காரணத்துக்காக எடுக்கிறோம், ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கடன் வாங்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வலி இருக்கும், காதும் வலிக்கலாம். தொண்டையில் வெள்ளைப் படலம் தெரிவது சீழ் அல்ல. தண்ணீர், ஆறிய கஞ்சி, குழைந்த சாதம் அடிக்கடி கொடுங்கள். குடிக்காமல் இருந்தால் வலி கூடும். டாக்டர் எழுதாத வலி மாத்திரையோ இருமல் மருந்தோ கொடுக்கக் கூடாது. குறிப்பாக ஆஸ்பிரினும் கோடீன் கலந்த மருந்தும் ஆபத்து.

முதல் 24 மணி நேரத்திலும், பொருக்கு உதிரும் 5 முதல் 10-ம் நாள் வரையிலும் ரத்தம் வரலாம். எச்சிலில் புது ரத்தம் கண்டாலோ, பிள்ளை எதையோ அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இதனால்தான் வெள்ளிமலை போன்ற கல்வராயன் மலையூர்களிலிருந்து வருபவர்கள் இரண்டு வாரம் ஊருக்குத் திரும்பாமல் கள்ளக்குறிச்சியிலேயே தங்குவது நல்லது. தங்க இடமில்லை என்றால், எந்தச் சமயத்தவராக இருந்தாலும் நம்மிடம் சொல்லுங்கள்.

அந்தத் தாய் எடுத்த இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்த டாக்டர், பரிசோதனைகளுக்குப் பின் ஆபரேஷன் தேவை என்றார். காப்பீட்டிலேயே முடிந்தது. நாம் கொடுத்தது பஸ் செலவும் பத்து நாள் சாப்பாடும்தான். பிள்ளை இப்போது வாயை மூடித் தூங்குகிறான், அல்ஹம்துலில்லாஹ். அதே மாதம் வந்த இன்னொரு சிறுமிக்கு நோட்டில் எழுதிப் பார்த்ததில் தொற்று வருடத்துக்கு இரண்டுதான். தூக்கத்திலும் குறையில்லை. அவளுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றானது. இரண்டுமே நல்ல முடிவுகள்.

மருத்துவம் பார்ப்பதும், தெரிந்தவரிடம் மஷூரா செய்வதும் நம் மார்க்கம் காட்டிய வழி. நோட்டும் வீடியோவும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன்.